முத்தி செய்ய நிற்கும் வரிசை

அடுப்போரம் காயப் போட்ட கம்பளியின் ஈரவாடை காலையிலிருந்து வீடெங்கும் நிற்கிறது. வண்டிப்பெரியாரில் டிசம்பர் வந்துவிட்டால் எதுவும் காய்வதில்லை. கம்பளிக்குப் பக்கத்தில் உன் மகள் உட்கார்ந்து இருமுகிறாள். உனக்கு இரண்டு வரி எழுதுகிறேன். எழுந்துபோய் அவள் நெஞ்சில் காது வைக்கிறேன். மறுபடி வந்து உட்காருகிறேன்.

எந்த இருமல் இது?

நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் இந்த வரிசை வீடுகளில், எல்லா இருமலுக்கும் பனிதான் காரணம். ஜன்னலை மூடிக் காதில் துணி கட்டினால் தீர்ந்தது. கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டுத் தோட்டப் பள்ளிக்கு டீச்சராக வந்த நான் வைரஸ் என்றால் சிரிப்பார்கள். நீ மட்டும் கேட்டாய்: "ஏங்க்கா, ஒரே கிருமின்னா எல்லாருக்கும் ஒண்ணுபோலல்லா வரணும்? ஒங்களுக்கு மூக்கு ஒழுகுது, எங்க அத்தைக்கு மேலெல்லாம் வலி, பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கு."

கிருமிகள் பல, குளிர்காலத்தில் சேர்ந்தே சுற்றுகின்றன என்றேன். மூக்கை ஒழுகவிடுவதுதான் அதிகம். ஆளை அடித்துப்போடும் காய்ச்சல் ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். நெஞ்சைப் பிடிப்பது யாருக்கும் வரும், ஆனால் கைக்குழந்தைகளைத்தான் பாடாய்ப் படுத்தும்.

"அப்ப ஊருக்குப் போனவுக திரும்பி வாரப்ப ஆளுக்கொண்ணு கொண்டாராக," என்றாய்.

எழுபத்திரண்டு டிசம்பரில் உன் கையில் மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை. கிறிஸ்துமஸுக்குப் போடியிலிருந்து வந்திறங்கிய சொந்தமெல்லாம் அவளை உச்சிமுகர வந்தது. வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். "பாத்துட்டுப் போங்க, தொட வேண்டாம்."

"ராசா வீட்டுப் பிள்ளை பாரு!" என்றார் உன் மாமியார். "கோயில்ல பாலன் இயேசு சுரூபத்தையே ஊரெல்லாம் வாய் வச்சு முத்தி செய்யுது. இவ பிள்ளையத் தொடக் கூடாதாம்."

"பாலனுக்கு நெஞ்சு இழுக்காது, அத்தை."

லயமே சிரித்தது. அவர் மட்டும் உன்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குழந்தைக்காக நேர்ந்துகொண்டு, கிறிஸ்துமஸ் பூசைக்குப் பின் நீயும் வரிசையில் நின்றாய். ஒவ்வொருவரும் சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்ததும் சாமியாருக்கு உதவும் உபதேசியார் துடைத்தார், எல்லோருக்கும் ஒரே துணியால். அங்கேதான் உன்னைப் பிடித்ததா, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடமா, யார் சொல்வது? புதுவருஷத்துக்குள் படுத்துவிட்டாய். குழந்தையை என்னிடம் நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். "நான் சொல்லுத வரைக்கும் இவள எங்கிட்டக் கொண்டாராதீக."

நீ சொல்லவேயில்லை. அந்தக் காய்ச்சலோடே போய்விட்டாய். அவள் என்னிடமே நின்றுவிட்டாள்.

இன்று கிறிஸ்துமஸ் மாலைப் பூசைக்குப் போக அடம்பிடிக்கிறாள். "லேசான சளிதான, போகட்டும் டீச்சர்," என்று உன் மாமியாரும் வந்து சொல்லிவிட்டார். அடுத்த வீட்டுப் பெண், புதிதாய்ப் பிறந்த தன் குழந்தையோடு அதே வரிசையில் நிற்பாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லல்லா, பெரியம்மா?"

"ஒனக்கு ஒண்ணும் இல்ல. ஒன் இருமல் அந்தப் பாப்பாவுக்கு ஆகாது."

அழுது தீர்த்தாள். பிறகு, "கதவையாவது தொறந்து வைங்க. இங்கிருந்தே பாட்டுக் கேக்கேன்," என்றாள்.

திறந்து வைத்தேன். பாட்டும் பனியும் சேர்ந்தே உள்ளே வருகின்றன. மறுபடி அவள் நெஞ்சில் காது வைக்கிறேன். பெரும்பாலும் இது சாதாரணச் சளிதான். நீ போனதிலிருந்து, 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.