மூன்றாம் சரணத்து மூச்சு

டோக்கியோ,
6 அக்டோபர் 2024

அன்புள்ள கொனொமி,

நலமா? அங்கே குளிர் இறங்கியிருக்கும். இங்கே இன்னும் அரைக்கைச் சட்டைதான்.

மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. உன் முகவரி உன் அம்மாவின் புத்தாண்டு அட்டையில் இருந்தது. நாம் பிரிந்து ஏழு வருடமாகியும் எனக்கு அட்டை போடுகிறவர் அவர் ஒருவர்தான். கோபித்துக்கொள்ளாதே.

செய்தி இதுதான். நம் 'பனிப் பேருந்து' பாட்டுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டவர்கள் இப்போது குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஷிரோனேயின் பழைய பாட்டுகளுக்கென்று நவம்பர் கடைசியில் ஒரு நிகழ்ச்சி. வாசிப்பவர்கள் மனிதர்கள். முன்னால் நின்று பாடுவது ஒளியால் ஆன ஷிரோனே. கடைசிப் பாட்டு நம்முடையது.

ஒலிப்பதிவுக்காரப் பெண் சொன்னாள்: "ஷிரோனே வெறும் கம்ப்யூட்டர் குரல்னு நல்லாவே தெரியும் சார். ஆனா மூணாவது சரணத்துல அந்த மூச்சு அறுபடும் பாருங்க, அங்க மட்டும் என்னால முடியாது."

குரல் தனியாக இருக்கும் மூலக் கோப்பு வேண்டும். என் கம்ப்யூட்டர் எப்போதோ செத்துவிட்டது. நீ காலி ஊறுகாய் பாட்டிலைக்கூட எறியாதவள். உன்னிடம் இருக்கும்.

டிக்கெட் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். முன்வரிசை.

உன் நலம் நாடும்,
இஸாமு
(ஈரச்செருப்பு. ரசிகர்கள் வைத்த பெயர் இன்னும் போகவில்லை.)


அகிதா,
15 அக்டோபர்

இஸாமு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா இனி அட்டை போட மாட்டார். சொல்லிவிட்டேன்.

நலம். நகர அலுவலகத்தில் வேலை. ஊர் ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்கிறேன், எந்திரப் பெண் ஒருத்தி படிக்கிறாள். இந்த இலையுதிர் காலம் முழுக்கக் கரடி. 'தொடக்கப் பள்ளிக்குப் பின்புறம் கரடி ஒன்று காணப்பட்டது. தயவுசெய்து வெளியே வர வேண்டாம்.' சமையல் குறிப்பு படிக்கிற குரலில் படிப்பாள்.

கோப்பு இருக்கிறது.

போன மாதம் நீங்கள் கொடுத்த பேட்டியைப் படித்தேன். அந்த மூச்சைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். "அது எந்திரத்தின் பிழை. ஷிரோனே ஒரு கணம் திக்கினாள். அழிக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன்" என்று சொல்லியிருந்தீர்கள்.

ஷிரோனே திக்க மாட்டாள். அவளுக்கு மூச்சே கிடையாது. சுருதியையும் சொல்லையும் கொடுத்தால் இஸ்திரி போட்ட மாதிரிப் பாடுவாள். ஒவ்வொரு எழுத்தின் ஏற்ற இறக்கத்தையும் திரையில் நான் வரைந்தேன். 'இசையும் சொல்லும்' என்று உங்கள் பெயர். 'குரல் அமைத்தது' என்று என் பெயர். அன்று அப்படித்தான் போட்டோம்.

ஒரே கேள்வி. மேடைத் திரையில் என் பெயர் வருமா?

கொனொமி


டோக்கியோ,
21 அக்டோபர்

அன்புள்ள கொனொமி,

'அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். வீட்டுவரி நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது.

பேட்டி எடுத்த பெண் முகமெல்லாம் மலர, "எந்திரமே அழுததுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டாள். என் முன்னாள் மனைவி உட்கார்ந்து வரைந்தாள் என்றா சொல்வது? வீடியோவில் அந்த நொடி வரும்போது, பார்ப்பவர்கள் எழுதும் வரிகள் திரை முழுக்க ஓடி ஷிரோனேயே மறைந்துபோகிறாள். 'அழுதாள்.' 'அழுதுவிட்டாள்.' பதினைந்து வருடமாக ஓடுகிறது. அதை நான் உடைக்க வேண்டுமா?

பெயர் பற்றி ஏற்பாட்டாளர் ஓகுமாவிடம் பேசினேன்.

"திரையில ஒரு வரிதான் சார். பாட்டுப் பேரு, உங்க பேரு. குரல்னு இன்னொரு பேரப் போட்டா, அப்ப ஷிரோனே யாருன்னு ஜனங்க கேப்பாங்க."

"என் மனைவிங்க அவங்க."

"முன்னாள்தானே?"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

நிகழ்ச்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், நன்றியில், உன் பெயர் வரும். அது என் பொறுப்பு. நீ எப்போதுமே வெளிச்சத்தில் நிற்கக் கூசுகிறவள்தானே.

கோப்பைச் சீக்கிரம் அனுப்பு. கரடியிடம் மாட்டிக்கொள்ளாதே.

இஸாமு


அகிதா,
4 நவம்பர்

இஸாமு அவர்களுக்கு,

பென் டிரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். டிக்கெட்டையும்.

அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை.

சென்டாயில் நம் அறை. ஜனவரி. நீங்கள் தரையில் சம்மணம் போட்டு ஹெட்போனுடன் இருந்தீர்கள். போன் வந்தது. அப்பா போய்விட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். "ஆமாங்க" என்றேன். அப்புறம் "புரிஞ்சுதுங்க" என்றேன். இரண்டுக்கும் நடுவில் தொண்டையில் ஏதோ சிக்கி அறுந்தது.

நீங்கள் திரும்பாமல், "கொனொமி, மணிச் சத்தம் தூக்கலா இருக்கோ?" என்றீர்கள்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்து அதை வரைந்தேன். அது அதுவாக வரும்வரை. கேட்டுவிட்டு, "அட, இது நல்லா இருக்கே" என்றீர்கள். உங்களிடமிருந்து வந்த துக்க விசாரிப்பு அது ஒன்றுதான்.

பாட்டின் மற்ற பகுதிகள் அப்படியே இருக்கின்றன. பேட்டியில் நீங்கள் சொன்னதற்கு மரியாதை கொடுத்து, அந்த ஓரிடத்தை மட்டும் எந்திரத்திடமே விட்டிருக்கிறேன்.

கொனொமி


டோக்கியோ,
2 டிசம்பர்

கொனொமி,

உன் கடிதத்தை அன்றைக்கு ஒழுங்காகப் படிக்கவில்லை. உறையைப் பிரித்து, பென் டிரைவை எடுத்து, அப்படியே ஒலிப்பதிவுக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். ஒத்திகையில் முதல் சரணத்தை மட்டும்தான் ஓட்டுவார்கள், உனக்கே தெரியும். முதல் சரணம் கச்சிதமாக இருந்தது.

மேடையில், மூன்றாம் சரணத்தில், ஷிரோனே 'பேருந்து' என்றாள். மூச்சில்லாமல், வழுவழுவென்று, 'வரவில்லை' என்றாள்.

ஆனால் கேள். அந்த இடத்தில் அரங்கம் மூச்சை இழுத்தது. விளக்குக் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி, அத்தனை பேரும். நீ வரைந்த அதே இடத்தில் இழுத்து, அதே இடத்தில் அறுத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவு காலமாக உடம்பில் இருந்திருக்கிறது.

ஓகுமா மேடைக்குப் பின்னால் என்னைக் கட்டிக்கொண்டார். "வேணும்னேதானே விட்டீங்க? ஜனங்க மூச்சு விடட்டும்னு அந்த இடத்தக் காலியா வெச்சீங்க. நீங்க மேதை சார்." மறுநாள் எல்லாரும் அதையே எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் உன் மேல்தானே பழி வரும்.

பிப்ரவரியில் ஒசாகாவில் மறுபடி நடத்துகிறோம். அசல் கோப்பு தேவையில்லை. இப்படியே நன்றாக இருக்கிறது.

நிகழ்ச்சிப் புத்தகம் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கோபம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒரு வரியாவது எழுது.

இஸாமு


அகிதா,
9 டிசம்பர்

இஸாமு அவர்களுக்கு,

புத்தகம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நன்றி' என்று இருக்கிறது.

அரங்கில் நடந்ததை எழுதியதற்கு நன்றி. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் என் அப்பாவைத் தெரியாது. இருந்தாலும் அவருக்காக அத்தனை பேர் மூச்சு விட்டிருக்கிறார்கள். அந்த மூச்சு அறுந்தபோது நீங்கள் இரண்டாவது முறையும் அங்கேதான் இருந்திருக்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

நேற்று ஆற்றங்கரையில் மறுபடி கரடி. அறிவிப்பில் 'வெளியே' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சை வைத்தேன். அலுவலக விதிப்படி கூடாது. சற்று நேரத்தில் போன் வந்தது. அரிசி அப்பளக் கடைக்காரி.

"இன்னிக்கி யாரும்மா பேசினது? எப்பவும் வர்ற பொம்பள இல்லயே."

"அவதாங்க. மூச்சு மட்டும் நான் வெச்சேன்."

"அதானே. ஆளு பதறுதேன்னு ஓடிப்போய்க் கதவச் சாத்தினேன். உம் பேரென்ன?"

சொன்னேன்.

ததேயாமா கொனொமி