வள்ளிப்பிள்ளையின் சுமைதாங்கி

என் அன்பு நிறைந்த சரோ அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் சந்திச் சுமைதாங்கி தப்பிவிட்டது!

நீங்கள் கண்மூடியதும் நம் ஊர் வரலாற்றுக் குழு கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பழைய கேணி, மடம் என்று உடுப்பிட்டி முழுக்க எங்களை இழுத்துக்கொண்டு திரிந்தது நீங்கள் அல்லவா? ஆனால் சந்தியில் றோட்டை அகலமாக்கப் போகிறார்கள், சுமைதாங்கி போய்விடும் என்றதும் எல்லோரும் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் தன்மையான பிள்ளை. "கல்லைப் பின்னுக்கு நகர்த்தலாம் அன்ரி. ஆனால் காணிக்காரர் இடம் தரவேணுமே" என்றார்.

காணிக்காரர் நம் செல்வராசா அண்ணை. அவருடைய புது மதிலில் பெயின்ற் மணம்கூட இன்னும் போகவில்லை.

"மூண்டு கல்லுக்காக என்ரை மதிலை இடிக்கச் சொல்லுறியளோ? உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கேற்றைச் சாத்திவிட்டார்.

போகிற கல்லை ஒழுங்காகப் படமாவது எடுத்து வைப்போம் என்று, குழுவுக்குப் படம் எடுக்கும் ரஞ்சியோடு வாளியும் தேய்க்கத் தேங்காய்த் தும்புமாகப் போனேன். காலங்காலமாகப் பூசிய சுண்ணாம்பைத் தேய்க்கத் தேய்க்க, மேற்கல்லின் விளிம்பில் எழுத்துகள் தெரிந்தன. ரஞ்சி உரக்க வாசித்தாள்: "வள்ளிப்பிள்ளை!"

ஊரே அதைக் 'கந்தர் சுமைதாங்கி' என்று சொல்லும்போது நீங்கள் எப்படிச் சண்டை பிடிப்பீர்கள்! கர்ப்பிணியாகச் செத்தவள் கந்தரின் மனைவி. இறக்காத பாரத்தோடு போனாளே என்று, வழிப்போக்கர் சுமை இறக்கி இளைப்பாற அவர் வைத்த கல். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்காதா என்று கேட்பீர்களே. இருந்தது, அக்கா.

எங்கள் சத்தம் கேட்டு, செல்வராசா அண்ணையின் மனைவி மங்கை அக்கா வெளியே வந்தார். எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி,

"இஞ்சாருங்கோ, வயித்திலை பிள்ளையோடை போன மனுசிக்கு ஒரு துண்டு நிலம் குடுக்கேலாதோ?" என்றார்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு மதிலுக்கு அப்பாலிருந்து அண்ணையின் குரல்.

"ஆர் இப்ப குடுக்கேலாதெண்டது? மதிலை வளைச்சுக் கட்டுவம்."

ரஞ்சி அழுதாள், நான் சிரித்தேன். இல்லை, மாறி நடந்ததோ?

போன வெள்ளிக்கிழமை கல்லைப் புது இடத்தில் நட்டுப் பொங்கினோம். வந்தவர்களுக்கெல்லாம் "இவ எங்கடை வள்ளிப்பிள்ளை" என்று விளக்கம் சொன்னவர் வேறு யாருமில்லை, செல்வராசா அண்ணைதான்!

அந்த நேரம் பார்த்து, நிறைமாத வயிற்றோடு அவருடைய மருமகள் சந்தையிலிருந்து வந்தாள். "பிள்ளைத்தாச்சி உதுக்குக் கிட்டப் போகக்கூடாது" என்று ஒரு மாமி மறித்தார்.

"ஏன் மாமி? களைச்சு வாறவைக்குத்தானே வைச்சிருக்கு?"

மரக்கறிப் பையை அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, "அப்பாடா!" என்றாள். மறித்த மாமி உட்பட எல்லோரும் சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டதா, அக்கா?

வல்வெட்டித்துறைப் பக்கம் இன்னொரு சுமைதாங்கி பற்றைப் புதருக்குள் கிடக்கிறதாம். அது எந்தப் பெண்ணுக்கு வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாதாம். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அவளையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரைக்கும் நான் ஓயமாட்டேன். இது சத்தியம்.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
விமலா