ரமேஷ் நடந்த ஆறு நிமிஷம்

புதன்கிழமை, ராத்திரி.

தம்பி ரமேஷை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டாங்க. எனக்கும் அவனுக்கும் ஒரே தசை நோய்தான். ஆனா நடக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்தப் புது மருந்தைக் குடுத்துப் பாப்பாங்களாம். நான் சக்கர நாற்காலிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில மொதல்ல தரையில உக்காந்து எழுந்து காட்டச் சொன்னாங்க. ரமேஷ் கையை முட்டியில ஊனி, அப்புறம் தொடையில ஊனி, கொஞ்சம் கொஞ்சமா நிமிந்தான். அப்படி எழுந்துக்க நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். "சூப்பர்டா தம்பி"ன்னாங்க நர்சம்மா. என் பக்கம் ஒருத்தரும் திரும்பல.

அப்புறம் ஆறு நிமிஷம் நடக்க விட்டாங்க. அஞ்சாவது நிமிஷம் அவனுக்குக் கால் தடுமாறுச்சு. விழுடான்னு நெனச்சேன். ஆமா, நெனச்சேன். அவன் சுவத்தைக்கூடப் புடிக்காம நடந்து முடிச்சிட்டான்.

மீன் புடிக்கப் போகாம எங்ககூட வந்திருந்த அப்பா, சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுக் கண்ணைத் தொடச்சிக்கிட்டாரு. "ஒரு புள்ளையாவது..."ன்னவரு, என்னைப் பாத்ததும் நிறுத்திட்டாரு.

ஆட்டோவுல ரமேஷ் கேட்டான், "அண்ணா, நல்லா நடந்தனா?"

"நான் பாக்கல"ன்னேன்.

இப்ப என் கட்டிலுக்குக் கீழ பாயில படுத்திருக்கான். எனக்குத் தானா பொரண்டு படுக்க முடியாது. தெனமும் நான் கூப்பிட்டா அவன்தான் வந்து திருப்பி விடுவான். இடுப்பு எரியுது. இன்னிக்கு அவனைக் கூப்பிடக் கூடாதுன்னு இருந்தேன்.

கூப்பிடாமலே தொடையில கையை ஊனி எழுந்துக்கிறான். எழுதுற இந்த நோட்டை மறைக்கணும்.