அம்மாவுக்கு நான் போட்ட மார்க்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழும். மறதி வந்ததே தவிர, காது இன்னும் கூர்மைதான். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காதாயிற்றே.

மூளைக்கும் உடம்புக்கும் தினமும் வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவனிடம் போய் அதைச் சொன்னால் கேட்கவா வேண்டும்? சமையலறைச் சுவரில் டைம்டேபிள் ஒட்டினேன். காலையில் நடை, பத்து மணிக்குக் குறுக்கெழுத்து, சாயங்காலம் பத்துக் கேள்வி, பத்து மார்க். ‘ரிட்டயர் ஆனப்புறமும் என்னை ஓட விடுறீங்களே’ என்று சிரித்துக்கொண்டேதான் வந்தாள், பாவம்.

போன கடிதத்தில் பத்துக்கு எட்டு வாங்கினாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பொய். அவள் வாங்கியது மூன்று. மீதி நான் போட்டது. யாருக்காகப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் திட்டு. நம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர எங்களுக்கு ஒன்பது நிமிடம் ஆகும். துணையில்லாமல் சுற்றி வந்துவிட்டால் அவள் தேறிவிட்டாள் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன். வாசலில் ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டு அவளைத் தனியே அனுப்பினேன். ‘லேட் பண்ணினா மார்க் கிடையாது’ என்று மிரட்டல் வேறு. சத்தம் போடாமல் பின்னாலேயே போயிருக்கலாம். கூடப் போனால் அது என்ன பரீட்சை என்ற திமிர் எனக்கு. பன்னிரண்டு நிமிடம் ஆகியும் அவளைக் காணோம். எதிர்வீட்டுத் தையல்காரரும் நானும் தெருத்தெருவாக அலைந்தோம்.

மூன்று மணி நேரம் கழித்துப் பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் கண்டுபிடித்தோம். இப்போது அது துணிக்கடை. வாசல் காவலாளி அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார். ‘டியூட்டிக்கு லேட்டாயிடுச்சு, உள்ளே விடுங்கன்னு ஒரே அழுகை’ என்றார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. என்னைப் பார்த்ததும் உன் அம்மா எழுந்து நின்றாள். ‘மன்னிச்சிடுங்க சார், நாளைக்கு நேரத்தோட வந்துடறேன்’ என்றாள். என்னை சார் என்றாள், பாப்பா. நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். லேட், லேட் என்று விரட்டியவன் நான்தானே, என் முகம் அவளுக்கு ஆபீசர் முகமாகிவிட்டது.

டைம்டேபிளை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். இன்னும் கடுமையாகப் பயிற்சி கொடுத்தால் பழையபடி ஆகிவிடுவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். போவதை மெதுவாக்கலாம், போனதைத் திருப்ப முடியாது என்றார். நடையையும் பேச்சையும் விடாதீர்கள், பரீட்சையை விடுங்கள் என்றும் சொன்னார். இப்போது கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருகிறாள். தப்பாகப் படித்தாலும் ஆமாம் போடுகிறேன்.

வருஷக் கடைசியில் லீவு கிடைக்கும், அப்போது வருகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் எழுதிய எட்டு மார்க்கை நம்பித்தான் தள்ளிப் போட்டிருப்பாய். உன் மேல் குற்றமில்லை, ஏமாற்றியவன் நான்.

நேற்று நடந்து வரும்போது, ‘நமக்குக் குழந்தைங்க இருக்காங்களா’ என்று கேட்டாள். ஒரே பொண்ணு என்றேன். நல்ல பொண்ணா என்றாள். தங்கமான பொண்ணு என்றேன். ‘அப்போ வந்துடுவா’ என்று சொல்லிவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சில நாள் காலையில் எழுந்ததும் உன் பெயரைச் சொல்லி வீடெல்லாம் தேடுகிறாள். மத்தியானத்துக்குள் அது போய்விடுகிறது. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் பெயர் சொல்லி அவளால் அந்த வாழ்த்தைத் தர முடிகிறபோதே, ஒரு காலை நேரத்தில் வந்து நின்று வாங்கிக்கொள், கண்ணு.

உன்னை எதிர்பார்க்கும்,
அப்பா