வலையை உயர்த்திக் கட்டிய பிறகு

நம் மூத்தவன் முல்லைத்தீவிலிருந்து புதுக் கரப்பந்து வலை கொண்டுவந்திருக்கிறான். வீடு முழுக்க வலைக்கு ஊட்டிய மரப்பட்டைச் சாயத்தின் மணம். அதைப் பார்த்துக்கொண்டே அடுப்பில் இருந்த கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

துணுக்காயில் நீங்கள் கரப்பந்து ஆடிய காலத்தில் வலைக்கு அளவுகோல் உங்கள் கைதான். நீங்கள் கையைத் தூக்கி நிற்பீர்கள், விரல் நுனிக்குச் சரியாக வலையைக் கட்டுவார்கள். அதற்கு மேலால் நீங்கள் அடித்தால் எடுக்க வன்னியில் ஆளில்லை. அதைப் பார்த்துத்தான் இலங்கை அணிக்குக் கூப்பிட்டார்கள்.

கொழும்பில், போன கையோடு இந்தியாக்காரருக்கு எதிராக இறக்கினார்கள். நீங்கள் அடித்ததெல்லாம் வலையில் போய் விழுந்தது. திரும்பி வந்து சாப்பிடாமல் இருந்தீர்கள். நமக்குக் கரப்பந்து வலை முடிந்து தந்த மீன்காரர் அந்தோனி வந்து, "என்ன மச்சான், கொழும்பிலை வலை போட்டு மீனோ பிடிச்சனீ?" என்றார். அப்போதுதான் சிரித்து, அவருக்குச் சொன்னீர்கள்:

"அவங்கள் எங்களைவிட உயரமில்லையடா. அவங்கடை வலைதான் உயரம்."

அன்றே வலையை உயர்த்திக் கட்டினீர்கள். காலில் மண்பை கட்டிக்கொண்டு குதிப்பீர்கள். முகம் வெளிறிப்போகும்.

"இஞ்சாருங்கோ, மூச்சு வாங்குது, காணும், நிப்பாட்டுங்கோ."

"நீர் பயப்பிடாதையும். இனி வலைக்கு மேலாலைதான் போகும்."

போனது. அடுத்த முறை தோற்றுவிட்டு வந்தும், "ஒரு செட் எடுத்தமப்பா" என்று குழந்தைபோல் துள்ளினீர்கள். பிறகு ஒரு பின்னேரம், நம்முடைய மைதானத்தில் எழும்பி அடித்தீர்கள். பந்து அந்தப் பக்கம் விழுந்தது. சனம் கத்தியது. கீழே வந்த நீங்கள் எழும்பவில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சைப் பழுதாக்கியிருந்ததாக வவுனியா டொக்டர் சொன்னார்.

இப்போது இலங்கை அணி வெளிநாடு போய் வென்றும் வருகிறதாம். ரேடியோவில் சொல்கிறார்கள். மூத்தவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கும் போன மாரியில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. நாளைக்கு நெஞ்சைச் சோதிக்க வவுனியாவுக்குப் போகிறோம்.

"அம்மா, டொக்டர் ஓமெண்டால் விடுவியளோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். டொக்டர் மறித்தால் பிள்ளை உடைந்துபோவான். மறிக்காவிட்டால் நான் என்ன செய்வேன்?

இதை எழுதும்போதும் அவன் முற்றத்தில் குதித்துப் பழகுகிறான். பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். அவன் கால் தரையில் பட்டு, நிமிர்ந்து நிற்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.