அக்கா வேண்டாமென்ற பங்கு

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்ட என் ஈஸ்வரி அக்காவுக்கு,

அந்தக் கம்பெனிப் பங்குகளை முந்தாநாள் விற்றுவிட்டேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. நீ போய் ஏழு மாதமாகிறது. இருந்திருந்தால், "என்ன வெலைக்குப் போச்சு?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். வாங்கிய விலையில் கால்வாசிக்குப் போனது அக்கா.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேள், இந்த ஒரு தடவை மட்டும்.

முப்பது வருடம் குரங்கணி மலைச்சரிவில் வீடு வீடாக ஏறி இறங்கிய சுகாதார நர்சு நீ. ஓய்வு பெற்ற பிறகு, எல்லாரும் கோயில் குளமென்று கிளம்பும் வயதில், நீ பங்குச் சந்தை படித்தாய். கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, மருந்துப் பட்டியல் சரிபார்ப்பதுபோலப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே படிப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடியில் உன் வீட்டு ஹாலில் நாலு பேர் கூடுவோம். நீ, பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் நான், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆன ஜெயராமன் சார், ஏலக்காய் வாங்கி விற்கும் பாலு அண்ணன். நாலு பேருடையதும் சின்னச் சின்ன முதல்தான். ஆனால் ஒரு பங்கை வாங்குவதற்குள் மூன்று வாரம் சண்டை போடுவோம்.

அந்தக் கம்பெனியின் பேச்சை எடுத்தவர் ஜெயராமன் சார். வங்கிகள் திருப்பி அனுப்பிவிடுகிற ஆட்களுக்குக் கூடுதல் வட்டியில் கடன் கொடுப்பது அதன் தொழில். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, வாரத் தவணையில் வசூலிப்பார்கள். அதன் பங்கு விலை பாதியாக இறங்கிக் கிடந்தது.

"லாபம் கொறையல. வாராக்கடன் கொஞ்சந்தான் ஏறியிருக்கு. சந்தை வீணாப் பயப்படுது" என்றார் சார்.

"ஏலக்காய் வெல விழுகுறப்ப மூட்டைய வாங்கிப் போட்டவன்தான் சார் இன்னைக்கி மாடி வீடு கட்டியிருக்கான்" என்றார் பாலு அண்ணன்.

நீ மறுநாள் காலையில் பஸ் ஏறிக் குரங்கணிக்குப் போய்விட்டாய். அடுத்த ஞாயிறு நாங்கள் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாய்.

"பேச்சியம்மாவப் பாத்துட்டு வந்தேன். என் கையில மூணு பிள்ள பெத்தவ. எஸ்டேட்டுல ஏலக்காய் எடுக்கப் போறா. நாலு கம்பெனில கடன் வாங்கியிருக்கா. செவ்வாக்கெழம தவணைக்கு, வெள்ளிக்கெழமக்காரன்கிட்ட வாங்கிக் கட்டுறா. இந்தக் கம்பெனி ஏட்டுல அவ ஒரு வாரம் தவறாமக் கட்டுறவ."

"ஒரு பேச்சியம்மாவ வச்சு ஒரு கம்பெனிய எடை போட முடியுமா தங்கச்சி?" என்றார் பாலு அண்ணன்.

"அவ குழுவுல பத்துப் பேரு அண்ணே. எல்லார் வீட்டுலயும் தவணைச் சீட்ட எடுத்துப் பாத்தேன். எட்டுப் பேரு இப்பிடித்தான். ஒருத்தி கட்டலேன்னா மத்தவுக சேந்து கட்டணும். காய் எடுப்பு நின்னு போனா யாரு கட்டுவா?"

நான் விடவில்லை. "பேங்கு இவங்கள வாசல்லயே நிறுத்துது. இந்தக் கம்பெனியும் இல்லேன்னா கந்துவட்டிக்குத்தான் போவாங்க. நாம பங்கு வாங்குறது தப்பாக்கா?"

"தப்புன்னு நான் சொல்லல சுமதி. அவளால கட்ட முடியாதுன்னு சொல்றேன்."

அதற்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கு எழுதவே கூசுகிறது. "நீ இன்னும் நர்சு வேலையிலருந்து ரிட்டயர் ஆகலக்கா. சந்தையில பாவம் புண்ணியம் பாத்தா ஆகுமா?" ஜெயராமன் சார் சிரித்தார். பாலு அண்ணனும் சிரித்தார். நீயும் லேசாகச் சிரித்துவிட்டு, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாய். நீ பாவம் பார்த்தா பேசினாய்? நம் நாலு பேரில் களத்துக்குப் போய் விசாரித்தவள் நீ ஒருத்திதானே?

அன்றைக்கு யாரும் வாங்கவில்லை. நான் மட்டும் புதன்கிழமை வாங்கினேன். அதுவும் என் பணத்தில் மட்டும் அல்ல.

ராசிங்காபுரத்தில் அம்மா விட்டுப்போன நிலத்தை விற்று வந்த பணம் இருந்தது. உன் பாதியையும் என் பாதியையும் சேர்த்து என் பேரிலேயே பேங்கில் டெபாசிட் போடச் சொல்லியிருந்தாய். உன் மகள் கயல் கோயம்புத்தூரில் பிசியோதெரபி பார்க்கிறாளே, அவள் சொந்தமாக ஒரு இடம் பிடித்து நடத்த உன் பாதி. அந்த டெபாசிட்டை மொத்தமாக உடைத்துத்தான் வாங்கினேன்.

ஏன் செய்தேன்? பேராசை என்று சொன்னால் சுலபமாக முடிந்துவிடும். சின்ன வயதிலிருந்து எதிலும் நீ சொன்னதுதான் சரியாக இருந்தது. ஒரே ஒரு தடவை நான் சொன்னது சரியாக வரட்டும், அந்தப் பணத்தை ஒன்றுக்கு இரண்டாக உன் கையில் கொடுத்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மூன்று மாதம் ஏறவும் செய்தது. பள்ளிக்கூடத்தில் பதிவேட்டுக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு பார்ப்பேன். உன்னிடம் சொல்ல வாய் துறுதுறுக்கும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று அடக்கிக்கொள்வேன்.

பிறகு கோடை வந்தது. மலையில் மழையில்லாமல் ஏலச்செடி காய்ந்து சாய்ந்தது. காலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பாதி நின்றுவிட்டன. இங்கே மட்டுமில்லை, அந்தக் கம்பெனி கடன் கொடுத்த ஊர்களில் எல்லாம் தவணை நின்றது. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கொடுத்து ஏட்டை அழகாக வைத்திருந்தார்கள் என்று அப்புறம்தான் வெளியே வந்தது. பங்கு ஒரே வாரத்தில் பாதியானது. அடுத்த மாதம் அதிலும் பாதி.

அந்த மாதம்தான் உனக்கு வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் கட்டி.

மதுரை ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியானம், கயல் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது நீ சொன்னாய். "டெப்பாசிட்ட ஒடச்சிரு சுமதி. செலவுக்குப் போக மிச்சத்த அவகிட்டக் குடுத்துரு."

"டெப்பாசிட்டு இல்லக்கா."

"பெறகு?"

"அதுல... வாங்கிட்டேன்."

எதை என்று நீ கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். "இன்னும் கையிலதான் வச்சிருக்கியா?" என்றாய்.

"ஆமாக்கா. திரும்ப ஏறும்னு..."

"பேச்சியம்மா கட்டுனாத்தான ஏறும்."

நான் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவ கட்டணும்னு நெதம் வேண்டிக்கிறியா?"

வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆள் அனுப்பியாவது வசூல் பண்ணிவிடுவார்கள் என்று ஒரு செய்தியில் படித்துவிட்டு, அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியவள் நான். உன் கண்ணுக்கு எப்படித்தான் அது தெரிந்ததோ?

"கயலுகிட்ட நீயே சொல்லிரு. நான் இருக்கும்போதே சொல்லு" என்றாய். சரி என்றேன். சொல்லவில்லை. பதினோரு நாளில் நீ போய்விட்டாய்.

உன் வைத்தியத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என் நகையெல்லாம் அடகில் இருக்கிறது. பணத்தால் ஆகக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்று டாக்டரும் சொன்னார். இதையெல்லாம் எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் தெரியுமா? ஆறவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேச்சியம்மா வந்திருந்தாள். பந்தியில் உட்கார மாட்டேன் என்று கொல்லைப்பக்கம் பாத்திரத்துக்கு முன்னால் குத்தவைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"நர்சம்மா எல்லாச் சீட்டையும் விரிச்சு வச்சுப் பாத்தாக. 'அஞ்சாவதா எவன் குடுத்தாலும் கைநீட்டி வாங்கிராத'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாகம்மா. நான் கேக்கல. நர்சம்மா விசாரிச்ச கம்பெனிக்காரனே மறுபடியும் குடுத்தான். வாங்கிட்டேன். இப்ப வசூலுக்கு வர்றவன் வாசல்ல உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்குறான். கூடக் கட்டுற பொம்பளைக என்னோட பேசுறதில்ல."

"நானும் அவ பேச்சக் கேக்கல பேச்சியம்மா" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாசலில் உட்காருகிறவன் கொண்டுவரும் பணத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

போன மாதம் அந்தக் கம்பெனியின் ஆண்டுக்கூட்டம் நடந்தது. வீட்டிலிருந்தே போனில் கலந்துகொள்ளலாம், கேள்வியும் கேட்கலாம். பேர் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொண்டு வாசித்தேன். உங்களையும் சேர்த்து நாலு இடத்தில் கடன் இருப்பவளுக்கு ஐந்தாவதாக ஏன் கொடுத்தீர்கள், கொடுக்குமுன் அவள் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டேன். மறுபக்கத்தில் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பங்குதாரரைக் கூப்பிட்டார்கள். அவர் லாப ஈவு எப்போது வருமென்று கேட்டார்.

அதற்குப் பிறகும் விற்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. "இப்ப போய் விக்கிறியேம்மா, லேசா ஏற ஆரம்பிச்சிருக்கே" என்று வருத்தப்பட்டார் ஜெயராமன் சார். அது யார் கட்டி ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அவரிடம் வாதாடவில்லை.

விற்ற அன்று சாயங்காலம் கயலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அதில் அவள் உன்னைப்போல் இல்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா சித்தி?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போனாங்களா?"

"ஆமாடி."

போனை வைத்துவிட்டாள். நேற்று முழுக்க ஒன்றுமில்லை. இன்று காலையில், "சனிக்கிழமை வர்றேன்" என்று மட்டும் ஒரு செய்தி வந்திருக்கிறது. கோபமாக வருகிறாளா, அழுவதற்கு வருகிறாளா, உன் வீட்டுச் சாவியை வாங்கிப்போக வருகிறாளா? எனக்குத் தெரியவில்லை.

எதற்கு வந்தாலும், அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் ஸ்டாண்டில் நிற்பேன். விற்று வந்தது முழுவதும் அவளுக்கு. குறைகிறதை இரண்டு வருடத்தில் நான் ரிட்டயர் ஆகும்போது வருகிற பணத்திலிருந்து, உன் பாதி உன் பாதியாகவே அவள் கையில் சேரும்வரை கொடுப்பேன். அடுத்த வாரம் குரங்கணிக்குப் போய்ப் பேச்சியம்மாவிடமும் என் வாயால் சொல்வேன். அவள் கையை விட்டுவிட்டாலும் சொல்வேன். இந்தத் தடவை தள்ளிப்போட மாட்டேன் அக்கா.

உன் பேச்சைத் தாமதமாகக் கேட்ட,
உன் கூடப்பிறந்தவள்
சுமதி