தனம் அக்கா கண்டுபிடித்த கோளாறு

நெய்வேலி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெயசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முட்டிவலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் சக்கரபாணி அண்ணன் தினமும் தன் பழைய அம்பாசிடரில் என்னை ஆபீசில் இறக்கிவிடுகிறார் அல்லவா? ஒரு மாதமாக அந்தக் கார் கரும்புகை கக்கி, வழியெல்லாம் திணறியது. மெக்கானிக் ஓட்டினால் மட்டும் ஒழுங்காக ஓடியது. மெக்கானிக்கல் படித்த நான், "கார்புரேட்டரில் நிலக்கரித் தூசிதான்" என்று அடித்துச் சொன்னேன். இரண்டு முறை கழற்றிக் கழுவியும் பலனில்லை. அண்ணன் காரை விற்க ஆள் பார்த்துவிட்டார்.

போன வாரம் வடலூர் போக அவர் மனைவி தனம் அக்காவும் பின்சீட்டில் ஏறினார். பாதி வழியில், "ஏங்க, நீங்க சோக்க உள்ள தள்ளத் தள்ள, இந்தப் பொண்ணோட பை அத வெளிய இழுத்துகினே இருக்குதே!" என்றார்.

சோக் என்பது, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப மட்டும் இழுக்கிற குமிழ். வெளியிலேயே இருந்தால் பெட்ரோல் மிஞ்சி இன்ஜின் மூச்சுத் திணறும். அதில்தான், வசதியாக இருக்கிறதே என்று, போன மாதம் நீங்கள் தைத்துத் தந்த சாப்பாட்டுப் பையைத் தினமும் மாட்டியிருக்கிறேன்! அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இனி கார் விற்பனைக்கு இல்லை.

ஊறுகாய் அனுப்பும்போது அதேபோல ஒரு பை தைத்து அனுப்புங்கள். தனம் அக்கா ஆசையாகக் கேட்கிறார்.

ஹாரன் சத்தம் கேட்கிறது, ஓடுகிறேன். பையை மாட்ட அண்ணன் தனியாக ஒரு கொக்கி அடித்துத் தந்திருக்கிறார். ஆனாலும் நான் மடியில்தான் வைத்துக்கொள்கிறேன், அம்மா.

உங்கள்,
ஜெயசெல்வி